ப்ராஜெக்ட் வழிகாட்டல்: வாட்ஸ்அப் குழுவா, குறித்த சந்திப்பு நேரமா?

பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் வழிகாட்டிப் பேராசிரியரை அணுக இரண்டு வழிகள் உண்டு.

வாட்ஸ்அப் குழுவின் பலம் வேகம். அறை மாற்றம், ரிவ்யூ தள்ளிவைப்பு போன்றவற்றுக்கு அதுதான் சரி. சந்தேகம் கேட்கும் இடமாக அது மாறும்போதுதான் சிக்கல். இரவு 11 மணிக்கு ஒருமுறை பதில் வந்துவிட்டால் மறுநாளும் அதை எதிர்பார்ப்பது மாணவர் தவறல்ல. வழக்கத்தைத் தொடங்கி வைத்தது அந்த முதல் பதில்தான். நீல டிக் விழுந்தும் மறுமொழி இல்லையென்றால் புறக்கணிப்பாகவே படும். போன மாதம் சொன்ன திருத்தமோ நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்திருக்கும்.

குறித்த நேரம் என்றால் வாரம் இரண்டு நாள், மாலை 3 முதல் 4 வரை, ஓர் அணிக்கு 15 நிமிடம், முன்பதிவு கூகுள் ஷீட்டில். முந்தைய நாளே மாணவர்கள் மூன்று வரி அனுப்ப வேண்டும்: என்ன செய்தோம், எங்கே நின்றது, எதை முயன்றோம். அதை எழுதும்போதே பல சந்தேகங்கள் தெளிந்துவிடும். குறை, லேப் நேரத்தோடு மோதுவது. அதனால் இரண்டில் ஒரு நாளை மதிய இடைவேளையை ஒட்டி வையுங்கள்.

எங்கள் தேர்வு இரண்டாவதுதான். குழுவில் அட்மின் மட்டுமே எழுதும்படி அமைத்து, அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பணிகளை ஒப்படைக்கும் கூகுள் கிளாஸ்ரூமில் தேதி மட்டும் கொடுத்து நேரம் குறிப்பிடாவிட்டால் கெடு இரவு 11:59 ஆகிவிடும். நள்ளிரவுக் கேள்விகள் கிளம்புவது அங்கிருந்துதான். மாலை 4 மணி என்று மாற்றுங்கள். இரவில்தான் பதில் எழுத முடிகிறதென்றால், காலை 9 மணிக்குப் போகும்படி ஜிமெயிலில் நேரம் குறித்துவிடலாம். உடல்நலக் கோளாறு, விடுதியில் அவசரம் என்றால் மட்டும் எந்நேரமும் நேரடி அழைப்பு.