ஜெய்சல்மேருக்கு விமான டிக்கெட் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எடுங்கள்

41,600 ரூபாய். ராஜஸ்தான் பாலைவன ஊர் ஜெய்சல்மேரிலிருந்து டெல்லிக்கு நான்கு பேருக்கான டிக்கெட். அன்று அப்படி ஒரு விமானமே கிடையாது. நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட். இதற்குமுன் இரண்டு முறை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தவர்தான். "அண்ணே, அது ஏர்ஃபோர்ஸ் ஏர்போர்ட். மிலிட்டரி கட்டுப்பாடு, எல்லாம் டயத்துக்கு நடக்கும்" என்றார். போர் விமானம் பார்க்கணும் என்று பின்னால் பையன் கத்தியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "தம்பிக்கு ஜன்னல் சீட் போட்டுடறேன்ணே" என்று குழைந்து, அதற்குத் தனியாக 600 ரூபாய். அந்தக் குழைவில்தான் விழுந்தேன். ராணுவ ஓடுதளங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் பத்தாயிரம் அடி வரை ஜன்னல் மறைப்பை மூடியே வைக்கணும் என்று 2025 மே மாதமே டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) உத்தரவு போட்டது. படம் எடுக்கவும் தடை. மூடிய ஜன்னலுக்கு 600!

ஏப்ரல் முதல் வாரம். கோட்டை, சாம் மணல்மேடு எல்லாம் பார்த்துவிட்டுப் பெட்டிகளோடு போய் இறங்கினால் பயணிகள் முனையத்தில் ஈ காக்கை இல்லை. காவலாளி என் போனை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு டிக்கெட்டைப் படித்தார். "விமானமெல்லாம் மார்ச்சோடு நின்றுவிட்டது, சாப்" என்றார் இந்தியில். அந்த நேரம் பார்த்து ஒரு போர் விமானம் காதைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. பையன் மட்டும் குதித்தான்.

அங்கே ஓடுதளம் விமானப்படையுடையது. ஓரமாக ஒரு முனையம்தான் நமக்கு. சுற்றுலா விமானங்கள் பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரைதான். ஏஜென்டுக்கு இது தெரியாதா?

போன் போட்டேன். முதலில் "சர்வர் பிரச்சினைண்ணே." ஒரு மணி நேரம் கழித்து, "ஏர்ஃபோர்ஸ்காரங்க ரன்வேயை மூடிட்டாங்க, நாங்க என்ன பண்றது?" விற்கும்போது பெருமையாகச் சொன்ன அதே ஏர்ஃபோர்ஸ்! அப்புறம் "சார்" ஆனேன். அப்புறம் எடுக்கவே இல்லை. விமான நிறுவனத்தைக் கேட்டால், அந்த பிஎன்ஆரே அவர்களிடம் இல்லையாம். 41,600 ரூபாய்க்கு ஒரு பிடிஎஃப்.

வேறு வழியில்லாமல் கார் பிடித்து ஜோத்பூர், ஏறக்குறைய 280 கிலோமீட்டர். அதுவும் விமானப்படைத் தளம்தான், ஆனால் அங்கே வருஷம் முழுக்க விமானம் உண்டு. கார் வாடகையும் புது டிக்கெட்டும் தனிக் கணக்கு, அதை எழுதினால் வீட்டில் இன்னொரு சண்டை வரும்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பிஎன்ஆர் கைக்கு வந்த அன்றே விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்தத் தேதியில் விமானம் உண்டா என்று பாருங்கள். யுபிஐயில் தனி ஆள் பெயருக்கு அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

இன்று காலை அந்த ஆள் வைத்திருக்கும் ஸ்டேட்டஸ்: "கோடை விடுமுறைக்கு லே! ஜன்னல் சீட் உறுதி!" லடாக்கில் இருக்கும் அந்த லேயும் விமானப்படை ஓடுதளம்தான்.