வவுனியாவில் ஒரு பிளேன்ரீயும் அரை மணி நேரமும்

பிளேன்ரீ 50 ரூபா, உளுந்து வடை 60 ரூபா, பால் தேத்தண்ணி 120 ரூபா. வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு ஒழுங்கை முகப்பில், வேப்பமரத்துக்குக் கீழே இருக்கிற கடை. பெயர்ப்பலகை கிடையாது. கேட்டால் வேப்பமரத்தடிக் கடை என்பார்கள். அந்த ஒழுங்கையில் வேம்பு மூன்று நிற்கிறது, அதனால் முதல்முறை போகிறவர்கள் வாசலில் ஆவி பறக்கிற பெரிய பொயிலரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு வருடமாக வேலை முடிந்து நெடுங்கேணி பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கிற அரை மணி நேரத்தை நான் இங்கேதான் செலவழிக்கிறேன். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் வன்னியில் ஒரு பெண் தனியாகப் போய் இருந்து, ஒரு தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்துவிட்டு, யாருக்கும் காரணம் சொல்லாமல் எழும்பி வரக்கூடிய தேத்தண்ணிக் கடை என்று நான் கண்டது இது ஒன்றைத்தான்.

முதலில் தேத்தண்ணி. கடைக்கார ஐயா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. அம்மா கொழுந்து எடுத்தவர். தேயிலையைக் கொதிக்க விடக்கூடாது, கொதிதண்ணியைத்தான் தேயிலைக்கு மேலே விட வேண்டும், இரண்டாம் முறை அதே சாயத்தில் தண்ணி விட்டால் அது தேத்தண்ணி இல்லை, கழுவின தண்ணி, இதெல்லாம் அம்மா சொல்லித் தந்தது என்பார். துணிப் பைக்குள் தூளைப் போட்டு, மேலே இருந்து கொதிதண்ணி விட்டு, ஒரு தரம் பிழிந்து, பையை ஓரமாகத் தொங்க விட்டுவிடுவார். கூட்டம் நிற்கிற நேரத்திலும் அந்தத் தூளையே திருப்பிப் பாவித்ததை நான் பார்க்கவில்லை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர்தான் இலங்கையில் முதல்முதல் வியாபாரத்துக்குத் தேயிலை பயிரிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம், அந்தத் தூளை எப்படி ஊற்றினால் வாசம் நிற்கும் என்று எனக்குக் காட்டித் தந்தவர் இந்த ஐயாதான்.

நிறம் நல்ல செம்மை, கிளாஸைத் தூக்கிப் பிடித்தால் அடி தெரியும். "மகள், இஞ்சி போடவா?" என்று கேட்பார், ஓமென்றால் அம்மியில் அப்போதே ஒரு குத்துக் குத்திப் போடுவார், முதலே இடித்து வைத்த இஞ்சி இல்லை. சீனியில்தான் கவனம் வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் இரண்டு கரண்டி நிரம்பப் போட்டுவிடுவார், அது எனக்குப் பாகு குடிக்கிற மாதிரி இருக்கும். "சீனி இல்லாமல், பனங்கட்டியோட" என்று கேளுங்கள். 20 ரூபா கூட எடுப்பார், ஆனால் கூட வரும் அந்தப் பனங்கட்டித் துண்டை ஓரமாகக் கடித்துக் கடித்துச் சுடச்சுடப் பிளேன்ரீயை உறிஞ்சுகிற சுகத்துக்கு 20 ரூபா ஒன்றுமில்லை. கார்த்திகை மழைக்கு ஒதுங்கி நிற்கிற நாளில் அதைக் குடித்துப் பாருங்கள்.

வடை பழைய முறைதான். தட்டில் உளுந்து வடை, கடலை வடை, வாய்ப்பன், ரோல்ஸ் என்று எட்டுப் பத்தை அடுக்கி மேசையில் வைத்துவிடுவார்கள், தின்றது போக மிச்சத்தை எண்ணிக் காசு. இதை ஊரில் எல்லோரும் பழகியிருந்தாலும் எனக்குச் சரிவரவில்லை. முன்னுக்கு இருந்தவர் கை பட்டதா என்ற யோசனை வரும். அக்காவிடம், அதாவது காசு மேசையில் இருக்கிற ஐயாவின் மனைவியிடம், ஒருநாள் சொன்னேன். அடுத்த நாள் முதல் எனக்கு மட்டும் இடுக்கியால் எடுத்துத் தனியாக, பழைய அப்பியாசக் கொப்பித் தாளில் வைத்துத் தந்தா. எல்லோருக்கும் அப்படித் தந்தால் நல்லது, அந்த மைத் தாளுக்குப் பதிலாக வாழையிலைத் துண்டு வைத்தால் இன்னும் நல்லது. உளுந்து வடை வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, மிளகு முழுதாகக் கடிபடும். ரோல்ஸ் வேண்டாம், உள்ளே கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை.

நான் ஆறு வருடம் கொழும்பில் வேலை செய்தேன், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தேன். சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போய்விடும், மிச்சத்தில் பாதி ஊருக்கு, அதனால் என்னுடைய சந்தோசங்கள் எல்லாம் மலிவானவை. வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் வரும்போது ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். மரின் டிரைவில் கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடுகிற ரெயில் பாதைப் பக்கம் போய்க் குந்தி இருந்தால், உப்புக் காற்று முகத்தில் அடிக்க, வேலை முடிந்து போகிற சனத்தைத் தொங்கத் தொங்க ஏற்றிக்கொண்டு ரெயில் போகும். ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலில் ஒரு இறால் வடை, அதற்கு மேல் காரமான வெங்காயச் சம்பல், பட்டம் விடுகிற பிள்ளைகள், அவ்வளவுதான். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. யாருடைய மகள், எந்த ஊர், ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்க ஆளில்லை. அது சில நாட்களில் தொண்டையை அடைக்கிற தனிமையாக இருந்தது, பல நாட்களில் பெரிய நிம்மதியாக இருந்தது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு கொழும்பில் எதைத் தேடுகிறேன் என்று யோசித்தால், கடைகளும் லைட்டுகளும் ஞாபகத்துக்கு வரவில்லை. சும்மா இருக்க ஒரு இடம், அதைத்தான் தேடினேன்.

வவுனியா இப்போது மாநகர சபை. 2025 தேர்தலில் மாநகர சபைக்குத்தான் வாக்குப் போட்டார்கள். மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் பின்னேரம் ஐந்து மணிக்கு ரோட்டைக் கடக்க நின்று பார்த்தால் நகரம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், சத்தத்தில் குறைவில்லை. ஆனால் அந்தச் சந்தியில் ஒரு பெண் பத்து நிமிசம் சும்மா நின்றால் ஊர்க்காரர் ஒருவராவது மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி "ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய் பிள்ளை?" என்று கேட்காமல் போக மாட்டார். அக்கறைதான், எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிக் களைத்துப் போகும்.

இந்தக் கடைக்கு அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்தேன், கண் கிளினிக்குக்கு வந்த அன்று. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா, தொண்ணூறுகளில், யுத்தம் நடக்கிற நேரம், வவுனியாவில் தங்கியிருந்த காலத்தில் தேத்தண்ணிக் கடையில் இப்படி ஆறுதலாக இருந்ததே இல்லையாம். நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று, நகரத்தில் தங்க அனுமதிக்கிற ஒரு துண்டு எப்போதும் சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும், பாஸ் முடிகிற திகதியைத்தான் மனம் எண்ணிக்கொண்டிருக்கும், எங்கேயாவது கொஞ்ச நேரம் இருந்தால் யாரும் வந்து எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்கலாம். 2002இல் சண்டை நிறுத்தத்தோடு, பூட்டிக் கிடந்த ஏ9 வீதி திறந்த பிறகு முதல்முறை வந்த நாளில் அப்பா வேண்டித் தந்த தேத்தண்ணியின் ருசி இப்பவும் ஞாபகம் இருக்கு என்றா. அன்றைக்கு அம்மா இரண்டாவது கிளாஸும் கேட்டா. இந்த ஊரில் ஒரு வாங்கில் காரணமில்லாமல் இருக்க முடிவது எவ்வளவு பெரிய விசயம் என்று நான் அதற்கு முன்னம் யோசித்ததில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். விசிறி ஒன்றுதான், அதுவும் ஐயாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே இருக்க முடியாது, வெளியே மரத்தடி வாங்குதான், அங்கே இருந்தால் பஸ் புகை கிளாஸுக்குள் வரும். கிளாஸ் கழுவுகிற வாளியின் தண்ணியை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும், பொயிலரில் இருந்து ஒரு தரம் கொதிதண்ணி ஊற்றி அலசித் தரச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் செய்வார்கள். கழிப்பறை கிடையாது, தூரத்தில் இருந்து வருகிற பெண்களுக்கு அது பெரிய குறை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு, புட்டு, தோசை, கஞ்சி என்று சாப்பாடு வேண்டுமென்றால் நான் ஏ9 வீதியில் இருக்கிற அம்மாச்சி உணவகத்தைத்தான் சொல்வேன், பெண்களே கண்முன்னால் சமைத்துத் தருகிற இடம், எந்தத் தயக்கமும் இல்லாமல் போகலாம். இந்தக் கடை தேத்தண்ணிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கும்தான். நகரத்தில் புதிதாக வந்த குளிரூட்டிய கடை ஒன்றுக்கும் போய்ப் பார்த்தேன், பெயர் வேண்டாம். கோப்பிக்கு 750 ரூபா எடுத்தார்கள், பாதி குடித்திருக்கும்போதே வேறு ஏதும் வேணுமா என்று மூன்று தரம் வந்து கேட்டார்கள். எழும்பச் சொல்கிறார்கள் என்று விளங்கி எழும்பி வந்துவிட்டேன்.

வேப்பமரத்தடியில் யாரும் எழும்பச் சொல்வதில்லை. அங்கே என்னை மறித்து வைத்திருக்கிற இன்னொரு காட்சி, பிளாஸ்க்கோடு வருகிறவர்கள். ஆஸ்பத்திரி வார்ட்டில் ஆளை வைத்துவிட்டு முல்லைத்தீவில் இருந்தும், செட்டிகுளத்தில் இருந்தும், மதவாச்சிப் பக்கத்தில் இருந்தும் வந்து நிற்பார்கள், தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும். ஐயா முதலில் பிளாஸ்க்கைக் கொதிதண்ணியால் அலசுவார். நாலு கிளாஸ் கேட்டால் ஐந்து ஊற்றுவார், நாலுக்குத்தான் காசு. ஒருநாள் அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பக்கத்துக் கட்டில்காரருக்கும் குடுக்க வேணும்தானே" என்றா, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மா இல்லாமல், காஸ் இல்லாமல் எத்தனையோ கடைகள் பூட்டிக் கிடந்த மாதங்களில் இவர்கள் விறகில் பொயிலரை எரித்து வெறும் பிளேன்ரீ மட்டும் விற்றார்களாம், அப்போதும் அந்த ஐந்தாவது கிளாஸ் நிற்கவில்லை என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

போகிறவர்கள் பின்னேரம் மூன்றரைக்குப் போங்கள், நாலரைக்குப் பிறகு உளுந்து வடை இருக்காது, ரோல்ஸ்தான் மிஞ்சும். சில்லறை கொண்டு போங்கள், ஐயாயிரம் ரூபாத் தாளைக் கண்டால் அக்கா "நாளைக்குத் தாங்கோ" என்று திருப்பித் தந்துவிடுவா. தனியாகப் போகிற பெண்கள் காசு மேசைக்குப் பக்கத்து வாங்கில் இருங்கள். ஒரு கால் கொஞ்சம் ஆடும், ஆனால் அங்கே இருந்தால் ரோட்டில் போகிற எல்லோரையும் பார்க்கலாம்.