தினசரி ரேட்டா, மொத்தத் தொகையா: சப்-கான்ட்ராக்ட் பொறியாளருக்கு எது கட்டுப்படியாகும்?

தனியாக சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் பொறியாளரிடம் எல்லோரும் முதலில் கேட்பது "உங்க ரேட் என்ன?" என்றுதான். வேலை இழுத்துக்கொண்டே போனால் நட்டம் யார் தலையில் விழும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தினசரி ரேட்டில் அது வேலை கொடுப்பவர் தலையில். கமிஷனிங்குக்கு (பொருத்திய கருவிகளைச் சோதித்து இயக்கிவைக்க) போகிறீர்கள், மின் பேனலுக்கு இன்னும் கரண்ட் சப்ளை வரவில்லை, இரண்டு நாள் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது. காத்திருப்புக்கும் முழு ரேட் என்று முன்பே எழுதி வாங்கியிருந்தால் அந்த இரண்டு நாளும் பில்லில் ஏறும். மொத்தத் தொகை பேசியிருந்தால் உங்கள் லாபத்தில் கரையும். அதனால் சைட் வேலைக்கு என் ஓட்டு தினசரி ரேட்டுக்கே.

டிசைன் வேலையில் கதை வேறு. பத்து நாள் வேலையை அனுபவத்தால் ஆறே நாளில் முடிப்பவருக்கு தினசரி ரேட் தண்டனைதான். ஸ்கோப், அதாவது என்னென்ன செய்து தர வேண்டும் என்பது, தெளிவாக இருந்தால் மொத்தத் தொகை பேசலாம். ஆனால் எத்தனை ரிவிஷன் அடக்கம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பது ஆர்டரில் இருக்க வேண்டும். "சின்ன மாற்றம்தான் சார்" என்று டிராயிங் மூன்றாம் முறை திரும்பி வரும்போது அந்த வரியின் அருமை தெரியும்.

சரி, ரேட்டை எப்படிப் போடுவது? பழைய ஆண்டுச் சம்பளத்தை 260 வேலை நாளால் வகுப்பவர்கள் உண்டு. ஆனால் அதில் விடுப்பு, விடுமுறை, உடம்பு சரியில்லாதது என்று 35 நாள் போய்விடும். கொட்டேஷன், கணக்குவழக்கு, படிப்பு என்று 25 நாள். பில் போட மிஞ்சுவது 200. இதற்கே ரேட் 30 சதவீதம் ஏற வேண்டும். மென்பொருள் லைசென்ஸ், தொழில் பொறுப்புக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் அதற்கு மேல்.

செலவுக்கு மூன்று வழி: ரசீதுப்படி, பேட்டா, "எல்லாம் அடக்கம்". பயணச்சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ரசீது நல்லது. சாப்பாடு, சில்லறைச் செலவுக்கு பேட்டா, இரு தரப்புக்கும் தலைவலி குறைவு. சொந்த வண்டிக்கு எரிபொருள் ரசீதை மட்டும் வாங்கிக்கொள்வது ஏமாளித்தனம். டயர், சர்வீஸ், தேய்மானம் சேர்த்து கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எத்தனை முறை சைட்டுக்குப் போகவேண்டும் என்பது முடிவாகாதவரை "எல்லாம் அடக்கம்" பக்கமே போகாதீர்கள். பயண நேரத்துக்குப் பாதி ரேட்டாவது உண்டா என்பதையும் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, பணம் எப்போது வரும்? "எங்களுக்கு வந்ததும் தருகிறோம்" என்பதைவிட பில் தேதியிலிருந்து இத்தனை நாள் என்பது எவ்வளவோ மேல், ரேட் கொஞ்சம் குறைந்தாலும். கட்டுமான ஒப்பந்தங்களில் அந்த முதல் வகை நிபந்தனை செல்லாது என்று பிரிட்டன் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சொல்லிவிட்டது, உங்களுக்கு வேலை கொடுத்தவருக்குப் பணம் தர வேண்டியவர் திவாலாகும் நிலையைத் தவிர. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் தவணை பேசக்கூடாது என்கிறது; தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி.

நேரத்தையும் அறிவையும் மட்டும் விற்பவரிடம் ரிடென்ஷன் (பின்னால் குறை வந்தால் என்று பில்லில் ஒரு பங்கை நிறுத்திவைப்பது) பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர்க்க முடியாவிட்டால், அதை விடுவிக்கும் நாள் "புராஜெக்ட் முடிந்ததும்" என்றில்லாமல் காலண்டர் தேதியாக இருக்கட்டும்.