50 வாட் அட்டெனுவேட்டர் என்று வாங்கினேன், 25 வாட்டில் கருகியது

பாளையங்கோட்டையில் வயர்லெஸ் செட் சர்வீஸ் செய்கிறேன். உவரி, இடிந்தகரை, பெருமணல் படகுக்காரர்களின் விஎச்எஃப் செட்டுகள்தான் அதிகம் வரும். நம் பக்கத்தில் இதே வேலை செய்கிறவர்களும், ஹாம் ரேடியோ வைத்திருக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

படகு செட் 25 வாட் தள்ளும், அது சரியாக வருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். என் பவர் மீட்டரோ 100 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் பவரைக் குறைத்து அனுப்பும் 30 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 25 மில்லிவாட் மட்டும் மீட்டருக்குப் போகும். மீதி அத்தனையும் அந்தக் கைக்கடக்கமான துண்டுக்குள்ளேயே சூடாக மாறியாக வேண்டும்.

பழையதில் கனெக்டர் தேய்ந்துவிட்டதால் போன சித்திரையில் டவுனில் ஒரு கடையில் புதிதாக வாங்கினேன். 30 டெசிபல், 50 வாட் என்று மேலே அச்சடித்திருந்தது. விலை 2,600 ரூபாய். துண்டு சின்னதாக இருக்கிறதே என்று கேட்டேன். "அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு மாட்டுங்க. 50 வாட்டு தாங்கும், நான் சொல்லுதம்லா" என்றார் கடைக்காரர். கையில் எடுத்ததுமே எனக்கு உறுத்தியது. 50 வாட் சூட்டை வெளியே தள்ள நல்ல கனமான, துடுப்பு வைத்த ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றில் விடும் உலோகக் கட்டை) வேண்டும். இது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

மறுநாள் உவரியிலிருந்து வந்த ஒரு செட்டை அதில் மாட்டினேன். மீட்டரில் 30 டெசிபலைச் சேர்த்து வைத்திருந்ததால் செட்டின் வாட் அப்படியே தெரியும். பிடிடியை (பேச அழுத்தும் பட்டனை) அழுத்தியதும் 24 காட்டியது. அரை நிமிடத்தில் 27, அப்புறம் 31. செட் சூடேறினால் பவர் கொஞ்சம் இறங்கும், ஏறாது. அந்த இடத்திலேயே நான் பட்டனை விட்டிருக்க வேண்டும். என்னவென்று யோசிப்பதற்குள் எண் 60ஐத் தாண்டியது, கருகல் வாடை வந்தது. கையை எடுத்துப் பார்த்தால் செட்டின் பைனல் மாட்யூல் (பவரை வெளியே தள்ளும் கடைசிப் பாகம்) போய்விட்டது.

நடந்தது இதுதான். இந்த மாதிரி அட்டெனுவேட்டருக்குள் மூன்று ரெசிஸ்டர்: இரண்டு ஓரத்திலும் 53 ஓம், நடுவில் 790 ஓம். சுமையை மூன்றும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. உள்ளே வரும் பவரில் 94 சதவீதம் செட் பக்கம் இருக்கும் முதல் ரெசிஸ்டரின் தலையில்தான் விழும். 25 வாட்டில் 23.5 வாட். அது சூடேற ஏற மதிப்பு மாறி, கடைசியில் அறுந்துபோனது. அப்புறம் செட்டுக்கு எதிரே அதற்கு வேண்டிய 50 ஓம் இல்லை, 800க்கு மேல். போன பவரில் பெரும்பகுதி செட்டுக்கே திரும்பி அடித்தது. மீட்டர் பக்கமும் வழக்கத்தைவிட அதிகம் போனது. எண் ஏறியது அதனால்தான். மல்டிமீட்டரில் பார்த்தேன். மறுமுனையில் எதுவும் மாட்டாமல் இரண்டு பக்கமும் 50 ஓம் காட்ட வேண்டியது, செட் பக்கம் 840 சொச்சமும் மீட்டர் பக்கம் 53உம் காட்டியது.

கடைக்காரர் முதலில் வெயிலைக் காரணம் சொன்னார். வெயிலில் தாங்கும் அளவு குறையும் என்பது உண்மை. 25 டிகிரியில் 50 வாட், 125 டிகிரியில் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டாலும், என் கடையின் 40 டிகிரியில் 42 வாட்டாவது தாங்க வேண்டும். நான் கொடுத்தது 25. அடுத்து, "தலைகீழா மாட்டியிருப்பீய" என்றார். முதல் ரெசிஸ்டரை மட்டும் பெரிதாக வைத்துச் செய்யும் வகை உண்டு, அதைத் திருப்பி மாட்டினால் கருகும்தான். ஆனால் அதில் எந்தப் பக்கம் உள்ளே என்று குறி இருக்கும். இதில் ஒரு குறியும் இல்லை. கடைசியில் பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் "அட்டெனுவேட்டர் 1" என்று மட்டும் இருந்தது. "50 வாட்டுன்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

பில்லில் வாட்டையும் எத்தனை டிகிரிக்கு அந்த வாட் என்பதையும் எழுதி வாங்குங்கள். புதிதாக வாங்கியதை முதலில் செட்டை 1 வாட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு 25க்குப் பத்து விநாடி மட்டும். எண் ஏறினால் உடனே விடுங்கள். மல்டிமீட்டரில் 50 ஓம் காட்டுவதை வைத்து நம்பிவிடாதீர்கள். நான் வாங்கிய அன்றைக்கும் சரியாகத்தான் காட்டியது. கருகிப்போனதை உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். சில அதிக வாட் ரெசிஸ்டர்களின் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மாட்யூலை என் கைக்காசில் வாங்கிப் போட்டேன். அது வந்து சேர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் உவரிக்காரர் செட் இல்லாமலே கடலுக்குப் போனார். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 1915 எண்ணுக்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். கருகிய துண்டை அப்படியே வைத்திருக்கிறேன், பாளைப் பக்கம் வருகிறவர்கள் வந்து பார்க்கலாம்.