1,60,000 கி.மீ. ஓடிய டீசலா, 58,000 காட்டும் பெட்ரோலா? பெங்களூரில் ஒரு பழைய கார் அலசல்

மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டிய பட்ஜெட்டில் பெங்களூரில் பழைய கார் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகை வண்டிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, நீண்ட தூரம் ஓடித் தேய்ந்த, என்னென்ன வேலை பாக்கி இருக்கிறது என்பது தெரிந்த வண்டி. மற்றது, மீட்டரில் குறைவான கிலோமீட்டரும் பாலிஷ் போட்ட பெயிண்டும் கொண்ட, விற்பவரைக் கேட்டால் "ஒரு வேலையும் இல்லை" என்ற பதில் மட்டும் கிடைக்கிற வண்டி. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மைத்துனருக்காக அண்மையில் இந்த இரு வகையிலும் ஒவ்வொன்றை அருகருகே வைத்து அலச வேண்டியிருந்தது. அவர் அலுவலகத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். மாதம் இரண்டு முறை சேலத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்த்து வருவதற்கும், ஊருக்குள் அவ்வப்போது வெளியே போவதற்கும்தான் கார். ஆக, மாதம் சுமார் 1,000 கி.மீ., அதில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை 44இல்.

முதல் வண்டி 2014ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் டிசையர் டீசல். கர்நாடகப் பதிவு, இரண்டாவது உரிமையாளர், மீட்டரில் 1,60,000 கி.மீ., கேட்ட விலை ரூ. 3,25,000. இரண்டாவது, அதே ஆண்டில் வந்த 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓசூர் பதிவு, அதாவது டிஎன் 70, மீட்டரில் 58,000 கி.மீ., கேட்ட விலை ரூ. 3,80,000. டெல்லியிலிருந்து கொண்டுவந்து மறுபதிவு செய்த டீசல் வண்டிகளும் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டைக் கடந்த டீசல் கார்களுக்கு 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த கட்டுப்பாட்டைத் தொடர்ந்து அவை தென்மாநிலங்களுக்கு வரத் தொடங்கின. பழைய சர்வீஸ் வரலாற்றைத் தேடிப் பிடிப்பது மிகவும் கடினம் என்பதால் அந்த வகையை நாங்கள் தொடவே இல்லை.

டீசல் வண்டியின் குறைகளை உரிமையாளரே பட்டியலிட்டுச் சொன்னார். சிவாஜிநகர்ப் பக்கம் உள்ள ஒரு மெக்கானிக் அவற்றைச் சோதித்து உறுதி செய்தார். கிளட்ச் தேய்ந்திருந்தது: மேம்பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுதாக ஆக்சிலரேட்டரை மிதித்தபோது இன்ஜின் சுற்று சட்டென்று ஏறியது, வேகம் மெதுவாகத்தான் கூடியது. முன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்களும் லிங்க் ராடுகளும் ஆடின. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் இணைப்பில் எண்ணெய்க் கசிவு இருந்தது. டர்போ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் பேரத்தையே முறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த இடத்தில் நின்று பார்ப்பது அவசியம். குழாயின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் மெல்லியதாக இருப்பது பழைய டீசலில் இயல்பு. காற்றுக் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆறியிருக்கும்போது டர்போவின் விசிறித் தண்டை விரலால் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருந்தால் கவலையில்லை. முன்னும் பின்னுமாக உணரத்தக்க அளவுக்கு ஆடினாலோ, விசிறியின் ஓரம் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போவின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இந்த வண்டியில் பக்கவாட்டு ஆட்டம் மட்டுமே இருந்தது. கசிவுக்குக் காரணம் இறுகிப் போன ரப்பர் குழாயும் தளர்ந்த கிளாம்பும்.

இதைவிட முக்கியமான சோதனை இன்ஜினின் அடிப்படை நலம் பற்றியது. இரவு முழுவதும் நிறுத்தி வைத்த வண்டியைக் காலையில் நம் கண்முன்னே முதல் தடவையாக ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும்; போனதும் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை அழுத்தத்தோடு பீறிட்டு வரக் கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, அந்தச் செலவு எந்தத் தள்ளுபடியிலும் அடங்காது. டிசையர் இந்தச் சோதனையில் தேறியது. டைமிங் செயின் சத்தமும் இல்லை.

இந்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் மாருதியில் மட்டுமின்றி ஃபியட், டாடா வண்டிகளிலும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திய பிறகும் அதன் உதிரிப் பாகங்களை ஜே.சி. ரோட்டில் எளிதாக வாங்க முடிகிறது. பிஎஸ்-4 என்ற பழைய மாசுக் கட்டுப்பாட்டு விதிக் கால வண்டி என்பதால் பிற்காலத்து பிஎஸ்-6 டீசல்களில் உள்ள புகைவடிகட்டியின் தொல்லையும் இதில் கிடையாது.

பெட்ரோல் வண்டி பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. மைத்துனரின் மனம் முதலில் அதன் பக்கமே சாய்ந்தது. அதன் சர்வீஸ் பதிவு 2018இல் 52,000 கி.மீ.யில் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் 6,000 கி.மீ. மட்டுமே ஓடியது என்பதை அப்படியே நம்பவும் இடம் உண்டு, ஏனெனில் பெருந்தொற்றுக் காலத்தில் பல வண்டிகள் ஷெட்டைவிட்டு நகரவே இல்லை. ஆனால் டயர்கள் வேறு கதை சொல்லின. ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் DOT என்று தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு டயர்களிலும் இறுதி இலக்கங்கள் 21, அதாவது 2021இல் தயாரானவை. நான்கிலும் பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிகள், 1.6 மி.மீ. எச்சரிக்கைக் கோடு வரை தேய்ந்திருந்தது. 6,000 கி.மீ.யில் எந்த டயரும் அப்படித் தேயாது. கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கியிருந்ததையும், ஓட்டுநர் இருக்கையின் கதவோர விளிம்பு அமுங்கியிருந்ததையும் தனியாகப் பார்த்தால் பெங்களூர் நெரிசலின் விளைவு என்று விட்டுவிடலாம். டயர்களோடு சேர்த்துப் பார்த்தபோது மீட்டரின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பதிவும் ஒரு செலவுதான். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு ஓசூரிலிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, வண்டியின் வயதுக்கேற்ற கர்நாடக ஆயுள் வரியைக் கட்டி, பிறகு தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். 2014இன் பெட்ரோல் வண்டி 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 எரிபொருளுக்கென வடிவமைக்கப்பட்டதல்ல என்பதால் ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்களையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இனி பணக் கணக்கு. எங்களுக்குக் கிடைத்த மதிப்பீட்டின்படி டிசையருக்குக் கிளட்ச் செட் கூலியோடு ரூ. 11,000, முன் சஸ்பென்ஷன் ரூ. 14,000, பிரேக் டிஸ்க், பேட், பிரேக் ஆயில் ரூ. 7,000, ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், பெல்ட் ரூ. 8,000. டர்போ இப்போது தப்பித்தாலும் ஓராண்டுக்குள் போய்விடும் என்றே வைத்துக்கொண்டு ரூ. 30,000 ஒதுக்கினோம். மொத்தம் ரூ. 70,000, வண்டியோடு சேர்த்து ரூ. 3,95,000. பெட்ரோல் வண்டிக்கு நான்கு டயர் ரூ. 18,000 சேர்த்தாலே ரூ. 3,98,000 ஆகிறது, வரி தனி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகையில் வந்து நிற்கும்போது, ஒன்றில் கிளட்சும் சஸ்பென்ஷனும் புதிதாகிவிட்டிருக்கும். மற்றொன்றில் அவை எத்தனை கிலோமீட்டர் தேய்ந்தவை என்பதே தெரியாது.

எரிபொருளிலும் டீசலுக்கே சாதகம். 2025இன் பிற்பகுதி விலைப்படி பெங்களூரில் டீசல் ரூ. 91, பெட்ரோல் ரூ. 103 என்று கொண்டு, டீசலுக்கு லிட்டருக்கு 18 கி.மீ., பெட்ரோலுக்கு 14 கி.மீ. என்று வைத்தால், கிலோமீட்டருக்குச் சுமார் ரூ. 2.30 வித்தியாசம் வருகிறது. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டினால் அது ரூ. 27,000க்கு மேல். டீசலின் சர்வீஸ் செலவு சற்றுக் கூடுதல் என்பதைக் கழித்தாலும் டர்போவுக்காக ஒதுக்கிய தொகை இரண்டாண்டுக்குள் திரும்பிவிடும்.

தெரிந்த வேலையும் சில நேரம் கையைக் கடிக்கும். கிளட்சுக்காகக் கியர்பாக்ஸை இறக்கியதும் ஆயில் சீல் ஒழுகுவது தெரியவரலாம், ஃபிளைவீலில் வெப்பத் தழும்பு இருக்கலாம். அதற்காக மதிப்பீட்டின் மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுக் காலம் 2029இல் பதினைந்து ஆண்டை எட்டும்போது தகுதிச் சோதனையும் புதுப்பித்தல் கட்டணமும் வரும் என்பது இரண்டு வண்டிக்கும் பொது. காரை பனசங்கரியிலிருந்து ஜெயநகர் வரை மட்டும் ஓட்டப் போகிறவராக மைத்துனர் இருந்திருந்தால், சூடேறுவதற்குள் நின்றுவிடும் டீசலில், புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி பிடிக்கும் என்று சொல்லி, நம்பகமான பதிவுகளுள்ள வேறொரு பெட்ரோல் வண்டி கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருப்பேன். சேலத்துக்குப் போய் வருகிறவருக்கு என் தேர்வு டிசையர்தான்.

விலையில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதுக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகு பழைய வண்டிக்கு முந்தைய விலையையே கேட்பது நியாயமாகாது. மதிப்பீட்டுத் தாளைக் காட்டி ரூ. 2,90,000இலிருந்து பேசத் தொடங்கி, ரூ. 3,05,000க்கு மேல் போகாமல் நிற்கலாம் என்பது நாங்கள் வகுத்த எல்லை. பேரம் முடிந்தால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து வாங்கி, பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டையும் பெயர் மாற்ற வேண்டும். வேலைகளை ஒரே மாதத்தில் செய்யப் பணம் போதாவிட்டால் கிளட்ச் சில வாரம் பொறுக்கும். பிரேக்கும் முன் சஸ்பென்ஷனும் முடியாமல் வண்டியைச் சேலம் வழியில் உள்ள தொப்பூர் இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.