வெளியே போனவர் ஏன் திரும்பி வருகிறார்? மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள்

மாதம் ஒரு பழைய படம் என்று நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். யார் வீட்டில் கூடுகிறோமோ அவர்தான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் முறை வந்தபோது, குற்றவாளிகள் ஒரு குடும்பத்தை அதன் சொந்த வீட்டுக்குள்ளேயே பணயம் பிடித்துவைக்கும் கதையைப் போடலாம் என்று தோன்றியது. ஹாலிவுட்டில் 1950களின் முதல் பாதியில் இந்த வகைப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்த எளிய காரணம் செலவு: ஒரு வீடு, ஏழெட்டு நடிகர்கள், ஒரு துப்பாக்கி, படம் தயார்.

கடைசிச் சுற்றுக்கு மூன்று நின்றன. ஜான் கார்ஃபீல்டு நடித்த 'ஹி ரேன் ஆல் தி வே' (1951), ஃபிராங்க் சினாட்ராவின் 'சடன்லி' (1954), ஹம்ஃப்ரி போகார்ட்டின் 'தி டெஸ்பரேட் ஹவர்ஸ்' (1955). 'கீ லார்கோ'வை (1948) ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். அருமையான படம்தான், ஆனால் அது நடப்பது ஓட்டலில். ஓட்டலுக்குள் அந்நியன் வருவது இயல்பு. சமையலறைக்குள் வருவது வேறு. முடிவுகளைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது, அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

நடிப்பு, விறுவிறுப்பு எல்லாம் மூன்றிலும் உண்டு, அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. என் அளவுகோல் ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட படம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்: "வெளியே போனாரே, அப்படியே போலீசுக்குப் போயிருக்கலாமே?" அந்தக் கேள்விக்குப் படம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குடும்பத்தைப் பூட்டி வைப்பது சுலபம். அப்பாவை வேலைக்கு அனுப்பிவிட்டு அவர் மாலையில் வாயை மூடிக்கொண்டு திரும்பி வரும்படி செய்வதுதான் கஷ்டம். முதல் தடவை பார்க்கும்போது பரபரப்பில் இந்த ஓட்டைகள் தெரியாது. இரண்டாம் தடவை தெரியும். முடிவு தெரிந்த பிறகும் ஒரு படம் நிற்கிறதா, படுத்துவிடுகிறதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

'சடன்லி' இந்தக் கேள்வியைச் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகிறது. சடன்லி என்பது கலிபோர்னியாவில் உள்ளதாகக் காட்டப்படும் ஒரு சிற்றூரின் பெயர். அன்று மாலை ஐந்து மணிக்கு அமெரிக்க ஜனாதிபதியின் ரயில் அங்கே நிற்கப்போகிறது. ரயில் நிலையத்தை நேராகப் பார்க்கும் மேட்டு வீட்டுக்குள் கூலிக்கொலைகாரன் ஜான் பாரன் இரண்டு ஆட்களோடு நுழைகிறான். வீட்டில் இருப்பது போரில் கணவனை இழந்த எல்லன், அவளுடைய சிறு மகன், மாமனார். அப்புறம் உள்ளூர் ஷெரிஃபும் வந்து மாட்டிக்கொள்கிறார். எல்லாம் ஒரே பிற்பகலுக்குள் முடிந்துவிடுவதால் வீட்டாரில் யாரும் வேலைக்கோ பள்ளிக்கோ போக வேண்டிய அவசியமே இல்லை. கதவு மூடியது மூடியதுதான்.

சினாட்ராவுக்காக இதைப் பார்க்கலாம். 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'க்காக ஆஸ்கர் வாங்கிய கையோடு செய்த படம். போரில் இருபத்தேழு ஜெர்மானியர்களைக் கொன்று பதக்கம் வாங்கியதாகத் திரும்பத் திரும்பப் பீற்றிக்கொள்ளும் ஒரு சின்ன மனிதன் இந்தப் பாரன். பதக்கத்தைப் பற்றி யாராவது குறுக்குக்கேள்வி கேட்டால் போதும், முகம் மாறிவிடும். ஆனால் படம் இயங்குவது பொருள்களால். எல்லன் மகனுக்கு வாங்கித்தர மறுக்கும் பொம்மைத் துப்பாக்கி, பழுதான டிவி, துப்பாக்கியைப் பொருத்தி வைத்திருக்கும் உலோக மேசை என்று ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டப்படும், கடைசியில் அதனதன் வேலையைச் செய்யும். டிவியிலிருந்து மேசைக்கு மின்சாரம் போகும் இடம் முதல் தடவை பார்க்கும்போது கைதட்ட வைக்கும். இரண்டாம் தடவை, கணக்கு சரியாக வந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது போலத்தான் இருக்கும். கடைசியில் ரயில் நிற்காமலே போய்விடுவது மட்டும் இன்னும் பிடித்திருக்கிறது. அவ்வளவு ஏற்பாடும் ஒரு விநாடியில் வீண்.

பராமரிப்பு என்று பார்த்தாலும் இந்தப் படம் பாவம். காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுச்சொத்தாகிவிட்டது. விளைவு, யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். நான் முதலில் பார்த்த பிரதியில் ரயில் நிலையமே மூடுபனியில் இருப்பது போலத் தெரிந்தது. எண்பதுகளில் வண்ணம் பூசியபோது நீலக் கண்ணுக்குப் பேர்போன சினாட்ராவுக்குப் பழுப்புக் கண்களைப் போட்டுவிட்டார்கள். எழுபத்தைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் நீளம். கூட்டத்தில் பொறுமையில்லாதவர்கள் அதிகம் என்றால் இதைப் போடலாம்.

'தி டெஸ்பரேட் ஹவர்ஸ்' அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறது. ஜோசப் ஹேய்ஸ் எழுதிய நாவல், பிறகு அவரே எழுதிய நாடகம். 1955இல் பிராட்வேயில் போகார்ட் வேடத்தைச் செய்தவர் இளம் பால் நியூமன். அதே ஆண்டில் வில்லியம் வைலர் இயக்கிப் படமாக வந்தது. இண்டியானாபொலிஸ் நகரின் அமைதியான தெரு. சிறையிலிருந்து தப்பிய மூன்று பேர் எந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? புல்வெளியில் ஒரு சிறுவனின் சைக்கிள் கிடக்கும் வீட்டை. குழந்தை இருக்கும் வீட்டுக்காரன் அசட்டுத் துணிச்சல் காட்டமாட்டான் என்பது அவர்களின் தலைவன் கிளென் கிரிஃபினின் (போகார்ட்) கணக்கு. இந்த ஒரு ஷாட்டுக்காகவே வைலருக்கு வணக்கம் போடலாம்.

அப்புறம் அப்பாவும் மகளும் வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். அம்மாவும் பையனும் உள்ளே இருக்கும்வரை வெளியே போனவர் வாய் திறக்கமாட்டார். பதில் அவ்வளவுதான், அது போதுமானதும்கூட. ஃப்ரெட்ரிக் மார்ச் அந்த அப்பாவை மெதுவாக இறுகவைக்கிறார். முதலில் அந்தப் பையனுக்கு அப்பா மேல் கோபம், தன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்துகிறார் என்று. அப்பா ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று புரியாமல் அவரைக் கோழை என்றே நினைக்கிறான். கடைசியில் அவன் தலைக்குக் குறிவைத்த துப்பாக்கியில் குண்டு இல்லை என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியும். "ஓடு" என்கிறார். அவர் சொல்லை நம்பிப் பையன் ஓட வேண்டும். நம்புகிறான். கண்ணில் நீர் வரவைக்கும் இடம்தான், மறுக்கவில்லை.

பிறகு எனக்கு என்ன குறை? இந்த வீட்டுக்குள் யாரும் யாரையும் உண்மையில் சந்தேகிப்பதில்லை. மாலை நேரமானால் அப்பா வந்துவிடுவார் என்பது நமக்கும் தெரியும், கிரிஃபினுக்கும் தெரியும். நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம், நடுவில் மாடிப்படி. போகார்ட்டின் தம்பியாக வரும் இளைஞன் மட்டும், தனக்கு இப்படி ஒரு வீடு கிடைக்கவில்லையே என்று ஏங்கும் முகத்தோடு நடுவில் கொஞ்சம் தடுமாறுகிறான். அவனைப் படம் பாதியிலேயே வெளியே அனுப்பிவிடுகிறது. ஐம்பத்தைந்து வயதில் போகார்ட் ஏற்ற பாத்திரம் இது. களைப்பு முகத்திலேயே தெரிகிறது, அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் நியூமன் வயதில் ஒருவன் வந்து அதே அப்பாவை மிரட்டியிருந்தால் வேறொரு படமாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மேடையில் அதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இதோடு ஒட்டிய ஒரு நிஜக் கதையும் உண்டு. 1952இல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தைத் தப்பியோடிய மூன்று கைதிகள் பத்தொன்பது மணி நேரம் பிடித்துவைத்திருந்தார்கள். யாருக்கும் அடி இல்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நாடகம் வந்தபோது 'லைஃப்' பத்திரிகை அந்தப் பழைய வீட்டிலேயே நடிகர்களை வைத்துப் படம் எடுத்து, வன்முறைக் காட்சிகளோடு அந்தக் குடும்பத்தின் அனுபவம் இதுதான் என்பது போல வெளியிட்டது. குடும்பம் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம்வரை போன அந்த வழக்கில் அவர்களுக்காக வாதாடிய வக்கீல் ரிச்சர்ட் நிக்சன், பின்னாளில் ஜனாதிபதியான அதே நிக்சன். 1967இல் தீர்ப்பு பத்திரிகைப் பக்கம் போயிற்று. வீட்டுக்குள் நுழைந்தவர்கள் பத்தொன்பது மணி நேரத்தில் போய்விட்டார்கள், கதை போகவில்லை.

சரி, நான் போட்ட படத்துக்கு வருகிறேன்.

'ஹி ரேன் ஆல் தி வே'யில் வரும் நிக் ரோபி திட்டம் போட்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்கப் போன இடத்தில் போலீஸ்காரரைச் சுட்டுவிட்டு, பொது நீச்சல் குளத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிகிறான். தண்ணீருக்குள் பெக் என்ற பெண்ணைச் சந்திக்கிறான், அவளோடு அவள் வீட்டுக்கு வருகிறான். அப்பா, அம்மா, தம்பி, நெருக்கடியான ஒரு சின்ன ஃப்ளாட். அந்த வீட்டார் அவனை விருந்தாளியாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். பெக்கின் பெற்றோர் சினிமாவுக்குப் போய்த் திரும்புகையில், ஜன்னலிலிருந்து பார்க்கிற நிக், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தானாக முடிவு கட்டித் துப்பாக்கியை எடுக்கிறான். அந்த நிமிடம்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. சும்மா இருந்திருந்தால் காலையில் காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். பணயமே அவனுடைய சந்தேகத்தில்தான் பிறக்கிறது.

இனி அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இங்கேயும் ஒருவர் உள்ளே இருக்க மற்றவர்கள் வேலைக்குப் போகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் 'டெஸ்பரேட் ஹவர்ஸ்' சூத்திரமேதான், அதுவும் நாலு வருடம் முந்தி. ஆனால் இங்கே திரும்பி வருகிறவர் எதற்காக வருகிறார் என்பது நிக்குக்குத் தெரியாது. அவன் வளர்ந்த வீட்டில் பெற்ற தாயே வாய்க்கு வந்தபடி ஏசுகிறவள். ஒரு ஆள் இன்னொரு ஆளுக்காகத் திரும்பி வருவான் என்பதை அவன் பார்த்ததே இல்லை. அதனால் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிறது. பயமா, நப்பாசையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கார்ஃபீல்டு அதை வசனம் இல்லாமல் செய்கிறார்.

வான்கோழிக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் நிக் வான்கோழி விருந்துக்கு ஏற்பாடு செய்கிறான். அவர்களோ அதைத் தொடாமல், தாங்கள் வைத்த குழம்பையே சாப்பிடுகிறார்கள். ஒரே மேசையில் இரண்டு சாப்பாடு. நிக் துப்பாக்கியை எடுத்துச் சாப்பிடச் சொல்கிறான். உபசரிப்பும் மிரட்டலும் ஒன்றாகிப்போகும் இந்தக் காட்சிக்கு ஈடாக மற்ற இரண்டு படங்களிலும் ஒன்றும் இல்லை. ஒளிப்பதிவு ஜேம்ஸ் வாங் ஹோவ். அந்த ஃப்ளாட்டின் சுவர்கள் படம் போகப்போக நெருங்கி வருவது போலவே தோன்றும்.

கடைசி அரைமணி நேரம் முழுக்க ஒரே ஒரு ஆள் வெளியே போய்த் திரும்புவதைப் பற்றியது. நிக் பணம் கொடுத்து பெக்கைக் கார் வாங்க அனுப்புகிறான், இருவரும் சேர்ந்து ஓடிப்போக. அவள் வருகிறாள், கார் வரவில்லை. முகப்பு விளக்கில் கோளாறு, சரிசெய்து அனுப்புவார்கள் என்கிறாள். இது பொய்யா, நிஜமா? நிக்குக்குத் தெரியாது. முதல் தடவை பார்க்கும்போது நமக்கும் தெரியாது. ஷெல்லி விண்டர்ஸ் முகத்தைப் பார்த்தால் பெக்குக்கே தெரியுமா என்று இருக்கும். அவன் நம்பவில்லை. அவளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிறான். வெளியே அவள் அப்பா துப்பாக்கியோடு காத்திருக்கிறார். கைதவறி விழுந்த நிக்கின் துப்பாக்கி பெக் கைக்கு வருகிறது. சுடுகிறாள். தள்ளாடிக்கொண்டு தெருவுக்கு வந்து விழுகிறவன் கண்முன்னே அந்தப் புதுக் கார் வந்து நிற்கிறது.

முடிவு தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் படமே மாறிவிடுகிறது. பெக் ஒவ்வொரு தடவை கதவைத் தாண்டும்போதும், இவள் உண்மையாகத்தான் போய்வருகிறாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நான் நாலு தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அந்த விளக்குக் கோளாறு வசனம் வரும்போது வயிறு பிசைகிறது.

படம் எடுத்தவர்களின் நிலைமையும் இதே போலத்தான். கார்ஃபீல்டு 1951 ஏப்ரலில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டு, கம்யூனிஸ்டுகளின் பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்கப்பட்டவர். யார் பெயரையும் சொல்லவில்லை. திரைக்கதை எழுதிய டால்டன் ட்ரம்போவின் பெயர் திரையில் இல்லை, கம்யூனிஸ்டு என்று சந்தேகப்பட்டு ஹாலிவுட் வேலை தர மறுத்தவர்களின் தடைப்பட்டியலில் அவர் இருந்தார். இயக்குநர் ஜான் பெரி பிறகு பிரான்ஸுக்குப் போய்விட்டார். இது கார்ஃபீல்டின் கடைசிப் படம். 1952 மே மாதம், முப்பத்தொன்பது வயதில், மாரடைப்பில் இறந்தார். யார் யாரைக் காட்டிக்கொடுப்பார் என்ற கேள்வியோடு தினமும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எடுத்த படம் என்று தெரிந்தால் அந்த ஃப்ளாட் இன்னும் சிறிதாகிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. போலீஸ் காட்சிகள் ஒப்புக்கு வருகின்றன. பெக் இவ்வளவு சீக்கிரம் மயங்குவாளா என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். அவளுடைய தனிமையைப் படம் இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டேன்.

1955இல் வந்த 'தி நைட் ஹோல்ட்ஸ் டெரர்' என்ற ஆண்ட்ரூ ஸ்டோன் படமும் இதே வரிசைதான். அதில் ஜான் கசவெட்டிஸ் வில்லன். ஒரே ஒரு தடவை, அதுவும் அரைத்தூக்கத்தில் பார்த்தேன். டெலிபோன் அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் காட்சி மட்டும் நினைவில் இருக்கிறது. அதை வைத்து இதோடு ஒப்பிட்டால் நியாயமாக இருக்காது.

அடுத்த மாதம் கூடும் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் அங்கே 'டெஸ்பரேட் ஹவர்ஸ்' போடச் சொல்லியிருக்கிறேன். புல்வெளியில் கிடக்கும் சைக்கிளை யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.