ஆவணப் பக்கத்துக்குள் ஒரு குரல்: கான்ஃப்ளூயன்ஸும் லூம் காணொளிகளும்

எங்கள் குழுவில் 11 பேர் இருக்கிறோம். எழுவர் கோயம்புத்தூரில், நால்வர் டொராண்டோவில். கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை நிறுவித் தருவதும், அதில் வரும் சிக்கல்களைத் தீர்ப்பதும் எங்கள் வேலை. இரு ஊர்களுக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வேறுபாடு உண்டு. அவர்கள் காலையில் கணினியைத் திறக்கும்போது இங்கே பொழுது சாய்ந்து, நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரமாகியிருக்கும். இந்த இடைவெளியைக் கடக்க நாங்கள் நம்பியிருப்பது, குழுவாக ஆவணங்களை எழுதிப் பகிர உதவும் கான்ஃப்ளூயன்ஸ் மென்பொருளில் உள்ள பக்கங்களைத்தான். கடந்த 14 மாதங்களாக அந்தப் பக்கங்களுக்குள் லூம் காணொளிகளையும் பதித்து வருகிறோம். அந்த அனுபவத்திலிருந்து, இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த எண்ணும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன்.

லூம் 2015-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். கணினித் திரையையும் பேசுபவரின் முகத்தையும் ஒருங்கே பதிவு செய்து, பதிவு முடிந்ததும் பகிர்வதற்கு ஓர் இணைப்பைத் தருவதுதான் அதன் அடிப்படைச் சேவை. கான்ஃப்ளூயன்ஸ், சிட்னியில் 2002-இல் பிறந்த அட்லாசியன் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட மென்பொருள். 2023 அக்டோபரில் அட்லாசியன் ஏறத்தாழ 97.5 கோடி டாலருக்கு லூமை வாங்கப்போவதாக அறிவித்தது; அதன் பிறகு இரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அந்த நெருக்கம் அன்றாட வேலையிலும் தெரிகிறது. பக்கத்தைத் திருத்தும்போது சாய்கோட்டை (/) தட்டி லூம் என்று எழுதினால் போதும், எழுதிக்கொண்டிருக்கும் இடத்திலேயே காணொளியைச் சேர்த்துவிடலாம். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கை ஓடி முடிந்தவுடன் பதிவு தொடங்குகிறது. பேசி முடித்து நிறுத்தினால், கோப்பைச் சேமித்து, பதிவேற்றி, காத்திருக்கும் வேலை எதுவும் இல்லாமல், காணொளி பக்கத்தின் பத்திகளுக்கு நடுவே அமர்ந்துவிடுகிறது. படிப்பவர் பக்கத்தை விட்டு வெளியேறாமலே அதை ஓடவிட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் வெறும் இணைப்பு இருந்த காலத்தில், அதைச் சொடுக்கினால் வேறொரு தாவல் திறக்கும், உள்நுழையச் சொல்லிக் கேட்கும். அத்தோடு பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். பக்கத்துக்குள்ளேயே ஓடும் காணொளியை ஏறக்குறைய எல்லோருமே பார்க்கிறார்கள்.

இதன் அருமை எனக்கு உறைத்தது ஒரு பணி ஒப்படைப்பின்போது. ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்த மூத்த சக ஊழியர் ஒருவர் வேறு வேலைக்குக் கிளம்பினார். ஒரு வாடிக்கையாளருக்கான மாதக் கடைசி இருப்புக் கணக்குச் சரிபார்ப்பு முழுக்க அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதற்கென்று அவர் எழுதிவைத்திருந்த பக்கம் நல்ல பக்கம். 14 படிகள், ஒவ்வொன்றுக்கும் தெளிவான ஒரு வாக்கியம். ஒன்பதாவது படியில் ‘கோப்பைத் தேர்ந்தெடுத்து இறக்குமதி செய்யவும்’ என்று மட்டும் இருந்தது. கடைசி வாரத்தில் அதே வேலையைச் செய்துகொண்டே ஒரு லூம் பதிவும் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் ஆறு நிமிடப் பதிவு ஒன்றைத் தந்தார்.

அந்தப் பதிவில் ஒன்பதாவது படி வரும்போது, அம்புக்குறி இறக்குமதிப் பொத்தானின் மேல் போய் நிற்கிறது; ஆனால் அவர் அழுத்தவில்லை. அம்புக்குறி மெல்லத் திரையின் கீழ் மூலைக்கு இறங்கி, அங்கிருக்கும் ஒரு சிறு தேர்வுப் பெட்டியை இரண்டு முறை சுற்றி வருகிறது. பிறகு குரல் கேட்கிறது: “இங்க டிக் இருந்தா எடுத்துடுங்க. இல்லேன்னா போன மாசக் கணக்கு மேலயே போய் எழுதிடும்.” ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவர் கை அந்த டிக்கை எடுத்துவந்திருக்கிறது. அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டதால், பக்கத்தை எழுதும்போது அது தனியாக ஒரு படி என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அவர் இடத்துக்கு வந்த பெண், காணொளியை அந்த நொடியிலேயே நிறுத்தி, அங்கேயே ஒரு கருத்து இட்டிருந்தார்: “அண்ணா, இந்த டிக் தானா வருதா, இல்ல யாராவது வெக்கிறாங்களா?” காணொளியின் எந்த நொடியில் கேள்வி எழுந்ததோ அந்த நொடியோடு கருத்து ஒட்டிக்கொள்வதால், எதைப் பற்றிக் கேட்கிறார் என்று விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் டிக் தானாகவே திரும்ப வந்துவிடும் என்று மறுநாள் பதில் வந்தது. அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்து, ஒன்பதாவது படிக்கு முன்னால் புதிதாக ஒரு படியை எழுதினோம். எழுதியவருக்கே தெரியாமல் பக்கத்தில் விடுபட்டிருந்ததைக் காணொளி பிடித்துக் கொடுத்தது. அதை எழுத்தாக்கும் வேலையை நாங்கள் செய்தோம். லூமை கான்ஃப்ளூயன்ஸ் போன்ற ஆவணப் பணியிடத்துக்குள் கொண்டுவருவதன் முதன்மையான பயன் இதுவென்றே நான் கருதுகிறேன்.

எழுத்தாக்கும் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் பட்டே தெரிந்துகொண்டோம். முதல் மூன்று மாத உற்சாகத்தில், எழுதுவதைவிடப் பேசுவது எளிது என்பதால், பல பக்கங்களில் ஒரு தலைப்பும் அதன் கீழ் ஒரு காணொளியும் மட்டுமே இருந்தன. பணியிடத்தின் தேடல் பெட்டியில் ஒரு பிழைச் செய்தியைத் தட்டினால், அதைப் பற்றி யாரோ ஏழு நிமிடம் பேசிய பக்கம் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அந்தச் சொற்கள் பக்கத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கட்டளை வரியை நகலெடுத்து ஒட்ட வேண்டிய இடத்தில், திரையில் மங்கலாகத் தெரியும் எழுத்துகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அச்சிட்டு எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் கடைக்குப் போனவர் கையில் காணொளி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சங்கடம் புதுப்பித்தலில்தான் வருகிறது. எழுதிய பக்கத்தில் ஒரு பொத்தானின் பெயர் மாறினால், அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். கான்ஃப்ளூயன்ஸ் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு, எது மாறியது என்று வண்ணமிட்டுக் காட்டும். காணொளியில் அது முடியாது. முனைகளை வெட்டலாம், நடுவில் ஒரு துண்டை நீக்கலாம். மாறிப்போன திரையைக் காட்ட வேண்டுமென்றால் மறுபடி பதிவுதான் செய்ய வேண்டும். ஆகவே, மாதத்துக்கு மாதம் மாறக்கூடிய படிகளுக்குக் காணொளி போடுவதை நாங்கள் அறவே நிறுத்திவிட்டோம். ஏன் இப்படி வடிவமைத்தோம் என்ற விளக்கம், ஒருமுறை மட்டுமே நேரும் பிழை எப்படி நேர்ந்தது என்பது, பணி ஒப்படைப்பு, டொராண்டோ குழுவுக்கு அன்றைய வேலையின் நிலை ஆகியவற்றுக்கு மட்டும் பதிவு செய்கிறோம். இவற்றில் பேசுபவரின் குரலுக்கும் தயக்கத்துக்கும் பொருள் இருக்கிறது. ஒரு குறையை எழுத்தில் சுட்டிக்காட்டினால் கண்டிப்பாகத் தொனிப்பது, திரையில் காட்டிப் பேசும்போது உதவியாக மாறிவிடுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் குழுவிலேயே ஒரு தவறு நேர்ந்தது. ஒரு பிழையை விளக்கப் பதிவு செய்த காணொளியில், தாவல் மாறிய மூன்று நொடிக்குள் ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும், பெயர்களோடும் கைபேசி எண்களோடும், திரையில் வந்து போனது. பதிவு செய்தவர் கவனிக்கவில்லை; இரண்டு நாள் கழித்துப் பார்த்த இன்னொருவர்தான் கண்டார். நல்ல வேளையாகப் பார்க்கும் உரிமை பணியிடத்துக்குள் மட்டும் என்று இருந்தது. உடனே நீக்கிவிட்டு மறுபடி பதிவு செய்தோம். எழுதும்போது நாம் வேண்டியதை மட்டுமே எழுதுகிறோம்; பதிவு செய்யும்போதோ திரையில் இருப்பவை எல்லாம் சேர்ந்து உள்ளே போய்விடுகின்றன. இப்போது முழுத் திரையைப் பதிவு செய்யாமல் ஒரே ஒரு சாளரத்தையோ தாவலையோ தேர்ந்தெடுத்துப் பதிவு செய்வதும், மாதிரித் தரவு உள்ள சோதனைக் கணக்கில் மட்டுமே செய்து காட்டுவதும் எங்கள் விதிகள். இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அனுமதியை, காரணம் இல்லாமல் எவரும் தேர்ந்தெடுப்பதில்லை.

மொழியைப் பொறுத்தவரை, பேச்சைத் தானாகவே எழுத்தாக மாற்றித் தரும் வசதி லூமில் உண்டு. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் திருத்தம் அதிகம் தேவைப்படாத எழுத்துப் படி கிடைக்கிறது. ஆனால் நம் அலுவலகங்களில் யாரும் ஒரே மொழியில் பேசுவதில்லை. தமிழ் வாக்கியத்துக்குள் ஆங்கிலத் தொழிற்சொற்கள் நிறைந்திருக்கும் பேச்சு, எந்தத் தானியங்கிக் கருவிக்கும் கடினமானதுதான். கோயம்புத்தூருக்குள் மட்டும் பயன்படும் பதிவுகளைத் தமிழிலேயே பேசி, அவற்றின் சாரத்தைக் கையால் எழுதுகிறோம். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு எழுத்துப் படி இல்லாத காணொளி மூடிய கதவு. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிகள், முன்பே பதிவான காணொளிக்கு வசனவரி தர வேண்டும் என்பதை அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே கேட்கின்றன. எங்கள் குழுவிலும் ஒருவருக்கு ஒரு காதில் கேட்காது. முதல் ஆறு மாதம் அவர் ஒலியை உயர்த்தி வைத்துக்கொண்டு சொல்லாமல் சமாளித்தார் என்பதைப் பின்னால் அறிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

செயற்கை நுண்ணறிவு தரும் தலைப்பு, சுருக்கம், பகுதிப் பிரிப்பு ஆகியவை கூடுதல் கட்டணத் திட்டத்தில் வருகின்றன. பகுதிப் பிரிப்பு பயனுள்ளது. சுருக்கத்தை முதல் வரைவாகக் கொள்ளலாம். அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடக் கூடாது.

கட்டணம் பற்றி யோசிப்பவர்கள் இலவசத் திட்டத்திலேயே தொடங்கலாம். ஒருவருக்கு 25 காணொளிகள், ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்ற வரம்பு அதில் இருக்கிறது. அந்த 5 நிமிட வரம்பை நான் குறையாகப் பார்க்கவில்லை. கட்டணத் திட்டத்துக்கு மாறிய பிறகும் எங்கள் பதிவுகளில் நன்றாக அமைந்தவை பெரும்பாலும் நான்கு நிமிடத்தைத் தாண்டியதில்லை. 1.5 மடங்கு வேகத்தில் பார்ப்பவருக்கு அது மூன்று நிமிடம்கூட ஆகாது. 25 என்ற எண்ணிக்கைதான் சீக்கிரம் தீர்ந்துபோகும். பழையதை அழித்து இடம் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: காணொளி இருப்பது லூமில், பக்கத்தில் தெரிவது அதன் சாளரம் மட்டுமே, லூமில் அழித்தால் பக்கத்திலும் போய்விடும். நாலைந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் குழுவுக்கு இந்தச் செலவு தேவையில்லை. திரும்பிக் கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

இன்று எங்கள் பக்கங்களில் ஒவ்வொரு காணொளிக்கும் மேலே மூன்று வரிகள் கட்டாயம் இருக்கின்றன: இது எதைப் பற்றியது, யாருக்குத் தேவை, கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு மேல் சரிபார்க்கப்படாத பதிவைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். மாதக் கடைசிக் கணக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆறு நிமிடப் பதிவும் சென்ற மாதம் அப்படி நீங்கியது. பொறுப்பை ஏற்றுக்கொண்ட பெண் புதிய திரைகளோடு தானே மூன்றரை நிமிடத்தில் ஒன்றைப் பதிவு செய்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார். அதிலும் இறக்குமதிப் பொத்தானுக்கு முன்னால் அம்புக்குறி கீழ் மூலைக்கு இறங்கி, அந்தச் சிறு பெட்டியைச் சுற்றிவிட்டுத்தான் மேலே வருகிறது.